சம்பந்தியின் மீன்தொட்டியில் ஓட்டை போட்டது

மார்ச் 3, திங்கள்

கையெழுத்து கோணல்மாணலாக இருக்கிறது. மன்னிக்க வேண்டும். யார் மன்னிப்பது? இதைப் படிக்கப் போகிறவன் நான் ஒருவன்தான். இருந்தாலும் பிற்பாடு திருப்பிப் படிக்கும்போது நானே என்னைத் திட்டக் கூடாது, அதற்காக முதலிலேயே சொல்லி வைக்கிறேன். வரி மேலே ஏறுகிறது, பிறகு சறுக்கிக்கொண்டு கீழே வருகிறது. நாற்பது வருடம் ரோடு ரோலர் ஓட்டிய கை இது. அமுக்குவது ஒன்றுதான் அதற்குத் தெரியும். இந்தப் பக்கம் எழுதியதை அந்தப் பக்கம் விரலால் தடவியே படித்துவிடலாம்.

மாலை வகுப்பு டீச்சர், தினமும் ஒரு வரியாவது எழுதுங்கள் என்றார். எனக்கு அறுபத்தெட்டு வயது. போன வருடம்தான் அ, ஆ ஆரம்பித்தேன். இப்போது கண்ணில் படுவதையெல்லாம் படிக்கிறேன். சோப்பு உறை, மருந்துப் புட்டி, பஸ்ஸின் முதுகு. நேற்று ஒரு கடைக் கதவில் 'தள்ளவும்' என்று இருந்தது. படித்தேன், தள்ளினேன், திறந்தது. கடைக்குள் போய் என்ன வாங்க வந்தேன் என்பதே மறந்துவிட்டது, அத்தனை சந்தோஷம்.

இன்று எழுத விஷயம் இருக்கிறது. நல்ல விஷயம் இல்லை. மருமகள் ஹாலில் வழுக்கி விழுந்துவிட்டாள். வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. மகன் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போயிருக்கிறான். மற்றது நாளை. விரல் வலிக்கிறது.

மார்ச் 4, செவ்வாய்

எலும்பில் கீறல். மாவுக்கட்டுப் போட்டிருக்கிறார்கள். மருந்துக்கடை வேலைக்கு ஒரு மாதம் லீவு சொல்லிவிட்டாள்.

அவள் விழுந்ததற்குக் காரணம் தரையில் கிடந்த தண்ணீர். தண்ணீர் கொட்டியது சம்பந்தி. சம்பந்தி என்றால் மருமகளின் அப்பா. அவர் மனைவி இறந்த பிறகு, தனியாக இருக்க வேண்டாம் என்று மருமகள் போய் அழைத்து வந்தாள். மூன்று மாதமாக இங்கேதான் இருக்கிறார். வரும்போது ஒரு பெட்டியும் ஒரு மீன்தொட்டியும் கொண்டுவந்தார். பெட்டி சின்னது. தொட்டி நாலடி நீளம். அதில் மூன்று தங்கமீன்கள், ஒவ்வொன்றும் என் உள்ளங்கை அகலம். தின்பதும் நிறைய, அழுக்குப் பண்ணுவதும் நிறைய. வாரா வாரம் பாதித் தண்ணீரை வாளி வாளியாகக் குளியலறைக்குக் கொண்டுபோய்க் கொட்டி, புதுத் தண்ணீரை வாளி வாளியாகக் கொண்டுவந்து ஊற்ற வேண்டும். அவருக்குக் கை நடுங்கும். நான் வாளியைத் தொட்டால் பதறிப் போவார். "நீங்க போய் இதைத் தூக்கறதாங்க" என்பார்.

சம்பந்தி முன்பு ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்பவராக இருந்தார். வண்டி வருவதையும் போவதையும் ஊரே கேட்கச் சொன்ன மனிதர் எங்கள் வீட்டில் பேசுவது மீனுக்குக்கூடக் கேட்காது. பெண்ணைக் கொடுத்த இடம் என்று அவருக்கு ஒரு கூச்சம். பெரிய மனிதர் நம் வீட்டில் வந்து இருக்கிறார் என்று எனக்கு ஒரு கூச்சம். அதனால் நாங்கள் பேசுவதில் முக்கால்வாசி 'நீங்க சொல்லுங்க', 'இல்லைங்க, நீங்க சொல்லுங்க'. இரண்டு பேர் முன்னாலும் டீயை வைத்தால், அவர் முதலில் எடுக்கட்டும் என்று நானும் நான் எடுக்கட்டும் என்று அவரும் இருந்து, ஆடை படிந்த பிறகுதான் குடிப்போம்.

இன்று சாப்பாட்டு நேரத்தில் அவர், மாதக் கடைசியில் சின்ன மகள் வீட்டுக்குப் போய்விடுவதாகச் சொன்னார். தொட்டியை மீன் கடைக்காரர் எடுத்துக்கொள்வாராம். மருமகள் இடது கையால் தடுமாறிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"உங்களை யாருப்பா போகச் சொன்னா? போக வேண்டியது வாளிதான்."

சின்ன மகள் வீடு பதிமூன்றாவது மாடி. அவளும் கணவனும் காலையில் கிளம்பினால் இருட்டித்தான் வருவார்கள். நாலடித் தொட்டிக்கு அங்கே இடமில்லை. நாள் முழுக்க அந்த வீட்டில் அவர் என்ன செய்வார்?

நான் என்ன செய்வேன் என்பதும் ஒரு கேள்விதான். காலையில் நான் பேப்பரை எழுத்துக் கூட்டிப் படிக்கிறேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார். ஒரு நாளும் கொட்டாவி விட்டதில்லை.

மார்ச் 5, புதன்

வாளிதான் போக வேண்டும். மருமகள் சொன்னது சரி. எப்படி?

மார்ச் 7, வெள்ளி

வண்ண மீன் கடைக்குப் போனேன். சம்பந்தியிடம் சொல்லாமல் போனேன். சொன்னால் 'உங்களுக்கு எதுக்குங்க சிரமம்' என்பார், அதோடு முடிந்துவிடும்.

கடைக்காரர் ஒல்லியான மனிதர். பேசும்போதே கையை ஒரு தொட்டியில் விட்டு அலசிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். தொட்டியின் பின் கண்ணாடியில் ஓட்டை போட்டுக் குழாய் மாட்டச் சொன்னார். ஓட்டை எந்த உயரத்தில் இருக்கிறதோ அந்த உயரத்துக்குத்தான் தண்ணீர் நிற்கும். மேலே புதுத் தண்ணீரைத் திறந்துவிட்டால் பழைய தண்ணீர் ஓட்டை வழியாகத் தானே வெளியே போகும். வாளி வேண்டாம், துடைப்பம் வேண்டாம். எங்கள் தொட்டிக்குப் பின்னால் இருப்பது குளியலறைச் சுவர். பழைய வெந்நீர்க் குழாய் போன ஓட்டை அந்தச் சுவரில் இன்னும் அப்படியே இருக்கிறது. கேட்டதும் எனக்கு உட்கார முடியவில்லை.

நீங்களே வந்து போட்டுக் கொடுங்கள் என்றேன். கடையில் வேறு ஆள் இல்லை, தொட்டியைக் கொண்டுவந்தால் போடலாம் என்றார். நாலடித் தொட்டியை இரண்டு கிழவர்கள் எப்படிக் கொண்டுபோவது?

"வீட்டிலேயே போடலாம் ஐயா. அவசரப்படாதவங்க யாரு வேணா போடலாம். ஆனா அமுக்கினீங்க, போச்சு. தொட்டியே போச்சு."

அமுக்கக் கூடாதாம். என்னைப் பார்த்துச் சொல்கிறார்.

துளைக்கும் வளையத்தை வாங்கி வந்தேன். அடியில்லாத சின்ன டம்ளர் மாதிரி இருக்கிறது. விளிம்பில் வைரத்தூள் ஒட்டியிருக்கிறது. உறையில் இருந்ததை பஸ்ஸிலேயே படித்துவிட்டேன். தண்ணீர் ஊற்றிக்கொண்டே துளைக்கவும். மெதுவாகச் சுற்றவும். கண்ணுக்குப் பாதுகாப்பு அணியவும். பக்கத்து இருக்கைக்காரரிடமும் படித்துக் காட்டினேன். அவர் கேட்கவில்லைதான்.

மார்ச் 8, சனி

சம்பந்தியிடம் சொன்னேன். வளையத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. உடனே அடக்கிக்கொண்டார். "உங்களுக்கு எதுக்குங்க சிரமம்" என்றார். நினைத்தேன், சொல்லிவிட்டார்.

கடைக்காரர் இன்னொரு எச்சரிக்கையும் கொடுத்திருந்தார். சில கண்ணாடி சூட்டில் வைத்து உரமேற்றியதாக இருக்கும். அதில் துளை போட்டால் முழுக் கண்ணாடியும் கல்கண்டு மாதிரி உதிர்ந்துவிடும். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. செல்போன் திரையை வெள்ளையாக வைத்துக் கண்ணாடிக்குப் பின்னால் பிடிக்க வேண்டும். இந்தப் பக்கத்திலிருந்து வெயில் கண்ணாடி போட்டுப் பார்க்க வேண்டும். எல்லா வெயில் கண்ணாடியும் உதவாது, கண்கூச்சத்தை வெட்டுகிற போலரைஸ்டு வகை வேண்டும். மகன் வண்டி ஓட்டும்போது போடுவது அந்த வகைதான். அதைப் போட்டுக்கொண்டு தொட்டி முன்னால் குனிந்து நின்றேன். மருமகள் வந்து பார்த்தாள்.

"மாமா, பொண்ணு பார்க்கக் கிளம்பிட்டீங்களா?"

அடிக்கண்ணாடியில் கறுப்புக் கறுப்பாகத் திட்டுகள் தெரிந்தன. அதைத் தொடக் கூடாது. பின் கண்ணாடி சுத்தமாக இருந்தது. சம்பந்தியும் போட்டுப் பார்த்தார். அவருக்கு அந்தக் கண்ணாடி நன்றாகத்தான் இருந்தது.

மார்ச் 10, திங்கள்

பரணில் பழைய ஜன்னல் கண்ணாடி இரண்டு கிடந்தது. அதில் பழகிப் பார்த்தோம். மகனின் பாட்டரி டிரில்லில் வளையத்தை மாட்டி, கண்ணாடியைத் தடிப் போர்வை மேல் படுக்க வைத்து, ஜன்னலில் கண்ணாடி பதிக்கிற புட்டிக் களிம்பைத் திரியாக உருட்டி ஒரு வட்டமாக வரப்பு கட்டினோம். வரப்புக்குள் தண்ணீர். டிரில் எனக்கு. தண்ணீர் ஊற்றுவது சம்பந்திக்கு.

கொஞ்ச நேரம் நன்றாகப் போயிற்று. கை தன் குணத்தைக் காட்டிவிட்டது. டிக் என்று ஒரு சத்தம். ஒரு கோடு ஓடியது. கண்ணாடி இரண்டாகக் கிடந்தது.

சம்பந்தி அதை உற்றுப் பார்த்தார். "நீங்க நல்லாத்தாங்க போட்டீங்க. கண்ணாடிதான் சரியில்லை."

உள்ளேயிருந்து மருமகளின் குரல் வந்தது. "மாமா, ரோடு போடலை. ஓட்டை போடறீங்க."

இரண்டாவது கண்ணாடியில் டிரில்லின் பாரத்தை மட்டும் விட்டேன். என் பாரத்தைக் கொடுக்கவில்லை. மூச்சைக்கூடப் பாதிதான் விட்டேன். வெள்ளைக் கூழ் மாதிரி கண்ணாடித் தூள் வந்தது, வந்துகொண்டே இருந்தது. கடைசியில் ஒரு வட்டத் துண்டு கையோடு வந்துவிட்டது. பிஸ்கட் மாதிரி. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போனேன். டீச்சர் உட்பட எல்லாரும் பார்த்தார்கள்.

மார்ச் 12, புதன்

இடம் குறித்தோம். மீன்களைப் பெரிய பிளாஸ்டிக் தொட்டிக்கு மாற்றியாயிற்று. மீன்தொட்டி காலி.

நான் மார்க்கர் பேனாவோடு நின்றேன். எங்கே போடலாம் என்று கேட்டேன். நீங்க சொல்லுங்க என்றார். நீங்க சொல்லுங்க என்றேன். அவர் குனிந்து பின் கண்ணாடியில், நட்டநடு உயரத்தில், ஓர் இடத்தைத் தொட்டார். விரலை எடுக்காமல் லேசாகத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"இங்கேயாங்க?"

"உங்களுக்குச் சரின்னு பட்டா சரிங்க."

வட்டம் போட்டேன். எனக்கு இன்னும் நன்றாக மேலே இருக்க வேண்டும் என்றுதான் தோன்றியது. ஓட்டை இருக்கும் உயரத்துக்குத்தானே தண்ணீர் நிற்கும்? ஒருவேளை தண்ணீர் குறைவாக இருந்தால் போதும் என்று நினைக்கிறாரோ. மீன் அவருடையது, தொட்டி அவருடையது, இத்தனை வருடம் மீன் வளர்த்தவர் அவர். நடுவில் நான் யார், வாய் திறக்க?

மார்ச் 13, வியாழன்

வகுப்பு. வேறொன்றும் இல்லை. கை பழக வேண்டும் என்று காற்றில் டிரில் பிடித்துப் பார்த்தேன். பஸ்ஸில்.

மார்ச் 15, சனி

போட்டுவிட்டேன்.

இன்று ஒரு பக்கம் முழுவதும் எழுதப் போகிறேன், விரல் கழன்று விழுந்தாலும்.

காலையில் மகன் வேலைக்குப் போகும் முன் தொட்டியை ஹால் நடுவில், போர்வை மேல், முன் கண்ணாடி தரையில் படும்படி படுக்க வைத்துக் கொடுத்துவிட்டுப் போனான். இப்போது பின் கண்ணாடி மேலே, மேஜை மாதிரி. உள்பக்கம் குறுக்கே ஒட்டும் நாடா ஒட்டினேன், துண்டு விழுந்து முன் கண்ணாடியைக் கீறக் கூடாது என்று. புட்டி வரப்பு. தண்ணீர். சம்பந்தி டம்ளரோடு எதிரே உட்கார்ந்தார். மருமகள் நாற்காலி போட்டுத் தூரத்தில் உட்கார்ந்தாள். மாவுக்கட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு, ஆபரேஷன் நடப்பதைப் பார்க்கிற மாதிரி.

முதலில் வளையத்தைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். நேராக வைத்தால் வழுக்கி ஊர் சுற்றப் போய்விடும். பிறை மாதிரி ஒரு பள்ளம் விழுந்தது. மெல்ல மெல்ல நிமிர்த்தினேன். பிறை வட்டமாயிற்று. அப்புறம் காத்திருப்பதுதான் வேலை. கையில் டிரில் சுற்றிக்கொண்டிருக்க, சும்மா இருப்பது எத்தனை கஷ்டம் என்று யாருக்கும் சொல்லிப் புரிய வைக்க முடியாது. ரோலரில் இருந்தபோது அமுக்கினால் சம்பளம். இங்கே அமுக்கினால் சம்பந்தி பதிமூன்றாவது மாடிக்குப் போய்விடுவார். அதையே நினைத்துக்கொண்டு கையைத் தூக்கிப் பிடித்திருந்தேன்.

சம்பந்தி ஊற்றும்போது டம்ளர் நடுங்கித் தண்ணீர் என் கை மேலும் முழங்கால் மேலும் விழுந்தது. ஆனால் ஒருமுறையும் வரப்புக்குள் வற்ற விடவில்லை. பாதியில் நிறுத்தி வளையத்தை ஆற விட்டோம்.

கடைசிப் பகுதிதான் ஆபத்து என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். சத்தம் மாறும், அப்போது கையை இன்னும் தளர்த்த வேண்டும். சத்தம் மாறியது. தளர்த்தினேன். வரப்பிலிருந்த தண்ணீர் திடீரென்று உள்ளே இறங்கிவிட்டது. உடைந்துவிட்டது என்றே நினைத்தேன். குனிந்து பார்த்தால் வட்டத் துண்டு நாடாவில் ஒட்டிக்கொண்டு தொங்குகிறது. சுற்றிலும் ஒரு கீறல் இல்லை.

மருமகள் எழுந்து வந்து ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். "மாமா, நிஜமாவே போட்டுட்டீங்க" என்றாள். சம்பந்தி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். நான்கு கையும் ஈரம், வெள்ளைக் கூழ். வெகுநேரம் விடவில்லை.

மாலையில் ரப்பர் வாஷர் வைத்து ஓட்டையில் குழாயைப் பொருத்துகிற டேங்க் கனெக்டரை மாட்டினோம். மகன் தொட்டியைப் பழைய இடத்தில் நிறுத்தினான். குழாய் சுவர் ஓட்டைக்கு நேராகப் போய்விட்டது, அளந்து வைத்த மாதிரி. நாளைக்குத் தண்ணீர்.

மார்ச் 16, ஞாயிறு

எல்லாரும் சுற்றி நின்றோம். மகன் குளியலறைக் குழாயில் ரப்பர் குழாய் மாட்டி, மறுமுனையைத் தொட்டிக்குள் விட்டுத் திறந்தான். தண்ணீர் ஏறியது. பாதிக்கு வந்ததும் ஓட்டை வழியாகச் சலசலவென்று வெளியே போக ஆரம்பித்தது. நான் கைதட்டினேன். தட்டியது நான் மட்டும்தான்.

"அப்பா," என்றான் மகன், "பாதிதானே நிக்குது? நாலு மீனு விட்ட வாணலி மாதிரி இருக்கு."

மூன்று மீன், நாலு இல்லை. ஆனால் அவன் சொன்னது வாஸ்தவம். மீன்களை விட்டோம். பெரியது திரும்பும்போது முதுகு தெரிகிறது. பாதித் தண்ணீரில் மூன்று மீன் இருந்தால் தண்ணீர் இரட்டிப்பு வேகத்தில் கலங்கிவிடும். இது எனக்கே தெரியும்.

பிறகு நடந்ததை எழுதவே வெட்கமாக இருக்கிறது. தப்பு என்னுடையது என்றேன். இல்லைங்க, என்னுது என்றார் அவர். வட்டம் போட்டது நான் என்றேன். நான்தாங்க தடுத்திருக்கணும் என்றார். இப்படியே ஆளுக்கு ஆள் விட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தோம். மருமகள் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சிரிக்கவா, அழவா, தெரியவில்லை.

கடைசியில் அவர் சொன்னார்: "பரவாயில்லைங்க. இதுவும் பார்க்க நல்லாத்தான் இருக்கு."

மார்ச் 17, திங்கள்

கலங்கிவிட்டது.

மார்ச் 18, செவ்வாய்

அவர் சின்ன மகளுக்குப் போன் பண்ணினார். மாதக் கடைசி வேண்டாம், இந்த ஞாயிற்றுக்கிழமையே வந்து அழைத்துப் போ என்றார். பிறகு மீன் கடைக்காரருக்கும் போன் பண்ணி, சனிக்கிழமை வந்து மீனை எடுத்துக்கொள்ளச் சொன்னார். எல்லாம் மெல்லிய குரலில். பிறகு என்னிடம் வந்து, உங்களுக்குச் சம்மதம்தானே என்று கேட்டார்.

உங்க விருப்பம்ங்க என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? என் விருப்பம் அது இல்லையே. என் வாயில் அந்த ஒரு பதில்தான் எப்போதும் தயாராக இருக்கிறது. அந்த ஓட்டையை அடைத்தால் மறுபடி வாளிதான். மேலே இன்னொன்று போடலாம், ஆனால் ஒரே கண்ணாடியில் இரண்டு ஓட்டை தாங்குமோ தாங்காதோ. இன்னொரு முறை என்னைத் தொட்டியில் கைவைக்க விடுவாரா? விடுவார். வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவர். அதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 19, புதன்

சண்டை போட்டேன். சம்பந்தியோடு. எழுத்து வழக்கத்தைவிட மோசம்.

காலையில் வழக்கம்போல் பேப்பர் படித்தேன். அவர் பெட்டியில் சட்டைகளை மடித்து வைத்துக்கொண்டே கேட்டார். மேயர் பாலைத் திறந்து வைத்தார் என்று படித்தேன். சமையலறையில் மருமகள் சிரித்துவிட்டாள். தப்பாகப் படித்தேனா என்று சம்பந்தியைக் கேட்டேன்.

"இல்லைங்க. நல்லாப் படிச்சீங்க."

திரும்பப் பார்த்தேன். பாலத்தை. மேயர் பாலத்தைத் திறந்து வைத்திருக்கிறார். அப்போதுதான் எனக்குள் ஏதோ அறுந்தது. மூன்று மாதமாக நான் என்னென்ன படித்திருக்கிறேன், இந்த மனிதர் என்னென்னவற்றுக்குத் தலையாட்டியிருக்கிறார்? பேப்பரைக் கீழே வைத்தேன்.

"அன்னிக்கு வட்டம் போட்டேனே, அது கீழே இருக்குன்னு உங்களுக்குத் தெரிஞ்சுதா, தெரியலையா?"

"தெரிஞ்சுதுங்க."

"தெரிஞ்சும் ஏன்யா சொல்லலை?"

யா என்று வந்துவிட்டது. சம்பந்தியைப் போய். வாயிலிருந்து போன பிறகு பிடிக்க முடியாது. வீடு அப்படியே நின்றது. சரி, இன்றைக்கே கிளம்பிவிடுவார் என்று நினைத்தேன்.

அவர் கையிலிருந்த சட்டையைப் பெட்டிக்குள் எறிந்தார். நிமிர்ந்தார். அவர் குரலை நான் இன்றுதான் முதல்முறை கேட்டேன். ஜன்னல் கதவு அதிர்ந்தது.

"நீர் ஏன்யா என் விரலைப் பார்த்து வட்டம் போட்டீர்? கறையைத் துடைச்சுக்கிட்டிருந்தேன்யா நான்! சுவர் ஓட்டைக்கு நேரா இருக்கணும்னு நீர் ஏதோ கணக்குப் போட்டிருக்கீர்னு நினைச்சேன்!"

மாடிக்காரர் படியில் இறங்கி வந்து எட்டிப் பார்த்தார். ஏதோ வண்டி வருகிறது என்று நினைத்தாரோ என்னவோ.

நானும் விடவில்லை. எனக்கும் கீழேதான் என்று தெரியும், உம்முடைய மீன் என்று வாயை மூடிக்கொண்டேன் என்றேன். உமக்கு வாய் இருக்கிறதா என்று கேட்டார். நீர் படிக்கிற பேப்பரைக் கேட்டால் உலகத்தில் என்ன நடக்கிறது என்று எவனுக்கும் தெரியாது என்றார். அப்புறம்தான் அந்த வார்த்தை வந்தது.

"ஒரு எல்போ! உள்பக்கம் முழங்கையாட்டம் வளைஞ்ச ஒரு எல்போ மாட்டி, மேலே பார்க்க ஒரு துண்டுக் குழாய் நிறுத்தினா, குழாய் வாய் வரைக்கும் தண்ணி நிக்கும். முடிஞ்சுபோச்சு!"

நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். எப்போது தெரியும் என்று கேட்டேன்.

குரல் கொஞ்சம் இறங்கியது. "ஞாயித்துக்கிழமையே தெரியும்."

"அப்புறம்?"

"சொன்னா உங்க ஓட்டையைக் குறை சொன்ன மாதிரி ஆயிடும். ஆசை ஆசையாப் போட்டீங்க."

அதற்காகப் பெட்டி கட்டியிருக்கிறார். அதற்காகப் பதிமூன்றாவது மாடி. மருமகள் சமையலறை வாசலில் நின்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு வாய் வாங்கிக் கொடுத்திருக்கணும்" என்றாள். கண் நிறைந்திருந்தது.

நான் அவரிடம் சொன்னேன். எழுதுவதற்காக இன்னொரு முறை சொல்லிப் பார்க்கிறேன். எப்படிச் சொன்னேன் என்று எனக்கே ஆச்சரியம்.

"போகாதீங்க. எனக்கு நீங்க இங்கே இருக்கணும்."

அவர் உட்கார்ந்தார். கொஞ்சம் பொறுத்து, எல்போவுக்கு எந்த அளவு வாங்க வேண்டும் தெரியுமா, தெரியாமல் ஏதாவது வாங்கி வராதீர் என்றார். இரண்டு பேருமே கடைக்குப் போனோம்.

மார்ச் 20, வியாழன்

எல்போ மாட்டியாயிற்று. துண்டுக் குழாயை எவ்வளவு உயரம் வெட்டுவது என்று அரை நாள் சண்டை. தொட்டி விளிம்புக்குக் கீழே நாலு விரல் இடைவெளி வேண்டும் என்றார் அவர், நான் இரண்டு விரல் போதும் என்றேன். அவர் விரல் மெலிசு, என் விரல் தடி, அளந்து பார்த்தால் ஏறக்குறைய ஒன்றுதான். நான் பிடித்துக்கொண்டேன், அவர் ரம்பத்தால் அறுத்தார். கொஞ்சம் கோணலாக வந்தது. கோணல் என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். தெரியும், வாயை மூடும் என்றார்.

தண்ணீர் மேலே வரை ஏறி, குழாய் வாய்க்குள் வழிந்து, சுவருக்கு அந்தப் பக்கம் போயிற்று. தரை காய்ந்திருந்தது. மருமகள் வெறுங்காலோடு தொட்டியைச் சுற்றி நடந்து பார்த்தாள். மீன் கடைக்காரருக்குப் போன் பண்ணி வர வேண்டாம் என்றார் சம்பந்தி. சின்ன மகளுக்கு மட்டும் இன்னும் பண்ணவில்லை. நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். பழைய வழக்கம்.

மார்ச் 23, ஞாயிறு

சின்ன மகள் காரோடு வந்துவிட்டாள். பெட்டி எங்கே அப்பா என்றாள். சம்பந்தி தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டு எதையோ சரிபண்ணிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

"லீவுல வர்றேம்மா. விருந்தாளியா வந்து ரெண்டு நாள் இருக்கேன்."

அவள் அக்காவைப் பார்த்தாள். அக்கா தோளைக் குலுக்கினாள். அவள் என்னைப் பார்த்தாள். வழக்கமாக என்றால், உங்க விருப்பம் என்றிருப்பேன். இன்று, சாப்பிட்டுவிட்டுப் போம்மா, உன் அப்பா வர மாட்டார் என்றேன். சாப்பிட்டுவிட்டுப் போனாள்.

மார்ச் 30, ஞாயிறு

இந்த வாரம் எழுதவில்லை. சோம்பேறித்தனம் இல்லை, நேரம் இல்லை. பேப்பர் படித்து முடிக்கவே முன்பைவிட இரண்டு மடங்கு நேரமாகிறது, வரிக்கு வரி நிறுத்துகிறார்.

இன்று காலை சம்பந்தியைக் காணோம். எங்கே போகிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. முன்பெல்லாம் இன்னொரு டம்ளர் தண்ணீர் வேண்டுமென்றாலும் மூன்று பேரிடம் அனுமதி கேட்பவர். சாப்பாட்டு நேரத்துக்கு வந்தார், கையில் ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள் ஆறு குஞ்சு மீன்கள், நகம் அளவு. யாரையும் கேட்காமல் தொட்டிக்குள் விட்டுவிட்டார். நான் சொன்னேன், பெரியது மூன்றும் இதைத் தின்றுவிடும் என்று. உமக்கு மீனைப் பற்றி என்ன தெரியும், தங்கமீன் பசிக்குத்தான் தின்னும், நான் வயிறாரப் போடுகிறேன் என்றார். நான் தின்னும் என்கிறேன். அவர் தின்னாது என்கிறார். மகன் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து சாப்பிட முடியாமல் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

இப்போது எண்ணினேன். ஆறும் இருக்கின்றன. அவரும் நாற்காலியை இழுத்துப் போட்டு எண்ணிக்கொண்டிருக்கிறார், நான் ஏதாவது சொல்வேன் என்று ஓரக்கண்ணால் பார்த்தபடி. அடுத்த ஞாயிறு எத்தனை இருக்கின்றன என்று இங்கே எழுதி வைக்கிறேன். நான் சொன்னது சரியாகிவிட்டால் பெரிய எழுத்தில் எழுதுவேன்.